நாலாவது கொண்டை ஊசி வளைவு

திருச்சுழியிலிருந்து காலை ஏழே முக்காலுக்குப் புறப்படும் அருப்புக்கோட்டை பஸ்ஸில், டிரைவருக்கு நேர் பின்னால் இருக்கும் இருக்கை நாகஜோதிக்குத்தான் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனாலும் அங்கே தெரியாமல் உட்கார்ந்தவர்கள்கூட அவள் பார்க்கிற பார்வையில் தாங்களாகவே எழுந்து நகர்ந்துவிடுவார்கள். டிரைவர் கியர் மாற்றும்போது கறகறவென்று சத்தம் வந்தால் அவளுக்கு உதடு கோணும். "இந்தாளுக்கு எவன்டி லைசென்ஸ் குடுத்தான்?" என்று பக்கத்தில் இருக்கும் தங்கமாரியிடம் கேட்பாள். தங்கமாரி அவளோடு ஒரே வகுப்பில் இயற்பியல் படிப்பவள். அந்தக் கேள்விக்கு அவள் பதில் சொல்வதை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது.

நாகஜோதி நிஜ வண்டி ஒன்றின் ஸ்டியரிங்கைத் தொட்டதுகூட இல்லை. அவள் ஓட்டியதெல்லாம் போனில். ஆன்லைன் வகுப்புக் காலத்தில், நூற்பு மில்லுக்குப் போகும் அம்மா சோலையம்மாள் பாடம் படிப்பதற்காக வாங்கிக் கொடுத்த போன் அது. அதில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றை இறக்கி வைத்திருந்தாள். நம் ஊர்ப் பஸ்களின் பெயிண்ட், ஏர் ஹாரன், நம் பக்கத்துச் சாலைகள் எல்லாவற்றையும் ரசிகர்களே செய்து அந்த விளையாட்டில் சேர்த்திருந்தார்கள். அதை விளையாடும் பையன்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஹாரன் அடிப்பதற்கென்றே வருகிறவர்கள் என்பது அவள் எண்ணம். அவள் அப்படியில்லை. எந்த நிறுத்தத்தையும் தவற விடாமல், வண்டியில் ஒரு கீறல் விழாமல், நேரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவாள்.

அந்தச் சாலைகளைப் பற்றியும் பஸ்களைப் பற்றியும் எழுதி, சென்னையிலிருந்து நடத்தப்படும் ஓர் இணையதளத்துக்கு அனுப்பினாள். எடுத்துக்கொண்டார்கள். கட்டுரைக்கு ஐந்நூறு ரூபாய். 'நாகா' என்று கையெழுத்துப் போட்டாள். ஆசிரியர் ராஜகுரு 'நாகா சார்' என்றே மின்னஞ்சல் எழுதினார். அவள் திருத்தவில்லை.

"பொம்பளப் புள்ளன்னு தெரிஞ்சா பாராட்ட ஆரம்பிச்சிருவாங்கெ. அந்தப் பாராட்டெல்லாம் எனக்கு வேணாம்டி" என்றாள் தங்கமாரியிடம்.

காலைப் பயணத்தில் ஓட்டுவாள், மாலைப் பயணத்தில் எழுதுவாள். நடுவில் இருக்கும் கல்லூரியை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மின்னணுவியல் நடத்துகிற சார் பத்து வருஷத்துக்கு முந்தைய நோட்டை வாசித்துக் கொண்டிருப்பார். அதை எழுதுவதற்குக் கை போதும், மூளை எதற்கு என்று கையை அவரிடம் விட்டுவிட்டு, மனதை ஏதாவது ஒரு சாலையில் ஓட விடுவாள். ஆய்வக ரெக்கார்டு எப்போதும் கடைசி நாளில்தான் முடியும். இருந்தும் ஒரு பாடத்திலும் தோற்றதில்லை. தோற்பவர்களைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும்.

இரண்டாம் வருஷம் பொங்கல் முடிந்து கல்லூரி திறந்ததும் தங்கமாரி ஒரு வீடியோவைக் காட்டினாள். வணிகவியல் துறையில் படிக்கும் மாரிசெல்வம் நடத்துகிற சேனல். கூலிங் கிளாஸ், கழுத்தில் சிவப்புத் துண்டு. அவன் பேசப் பேச நாகஜோதியின் முகம் மாறியது. எல்லாம் அவள் எழுதியவை, ஒரு வார்த்தை மாறாமல்.

"'அடிக்கடி பிரேக்கை மிதிக்கிற டிரைவர், முன்னால பாக்காத டிரைவர்'. இது நான் அடிக்கடி சொல்றதுதான் நண்பர்களே" என்றான் மாரிசெல்வம்.

"அடிக்கடி சொல்றதா? இவனா?" என்றாள் நாகஜோதி.

"நேர்ல போயிக் கேளுடி."

"கேட்டா என்னா சொல்வான்? ஸாரி சிஸ்டர்ம்பான். அந்த ஸாரியக் கூட எவன்கிட்டயாச்சும் காப்பியடிச்சுத்தான் சொல்வான்."

அவனுடைய வீடியோக்கள் அத்தனையையும் உட்கார்ந்து பார்த்தாள். பேச்சுக்குப் பின்னால் ஓடுகிற காட்சிகள்கூட வேறு யாரோ ஓட்டியவை என்று கண்டுபிடித்தாள். படிக்கிற எதையும் அவன் ஓட்டிப் பார்ப்பதே இல்லை. திருடியதைவிட அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அந்தச் சமயம் விளையாட்டில் புதிதாக ஒரு மலைப்பாதை வெளிவந்திருந்தது. ஒன்பது கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு வாரம் வேறு எதையும் தொடாமல் அதையே ஓட்டினாள். பிறகு எழுதினாள். எட்டு வளைவுகளுக்கு எழுதியது அப்பழுக்கில்லாத உண்மை. நாலாவது வளைவுக்கு மட்டும் இப்படி எழுதினாள்: 'இங்கே பிரேக்கைத் தொடவே வேண்டாம். நான்காவது கியரிலேயே உள்ளே விடுங்கள். பின் சக்கரம் தானாகத் திரும்பிக்கொள்ளும்.' உண்மையில் இரண்டாவது கியரில் ஊர்ந்து போகாத எந்த வண்டியும் அங்கே பள்ளத்தில்தான் விழும்.

அனுப்புவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசித்தாள். மற்ற வாசகர்கள்? ஓட்டிப் பார்க்காமல் நம்புகிறவன் எவனாக இருந்தாலும் விழட்டும் என்று அனுப்பிவிட்டாள்.

நான்கே நாளில் மாரிசெல்வத்தின் வீடியோ வந்தது. நாலாவது வளைவை 'என்னோட சீக்ரெட்' என்று சொல்லியிருந்தான்.

பிப்ரவரியில் கல்லூரிக் கலைவிழா. அரங்கத்தில் பெரிய திரை கட்டி, கணினியில் அதே விளையாட்டை ஏற்றி ஸ்டியரிங் மாட்டி, பஸ் ஓட்டும் போட்டி வைத்தார்கள். தொடங்கி வைப்பவன் மாரிசெல்வம். அதே நாள் பதினொரு மணிக்கு ஆய்வகத்தில் மின்னணுவியல் இன்டர்னல் மறுதேர்வு இருந்தது. முதல் தடவை நடந்தபோது நாகஜோதி மலைப்பாதையில் இருந்தாள்.

"வாடி, மணியாச்சு. இதையும் விட்டா இன்டர்னல் மார்க்கே கெடையாது" என்று தங்கமாரி கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ போ. நான் வாரேன்."

அவள் போகவில்லை. மாரிசெல்வம் சிவப்புத் துண்டோடு மேடையேறி, அந்த மலைப்பாதையையே தேர்ந்தெடுத்து, மைக்கில் விளக்கம் சொல்லிக்கொண்டே ஓட்டினான். மூன்று வளைவுகளை எப்படியோ தடவித் தடவிக் கடந்தான். நாலாவது வந்தது. "இப்ப பாருங்க, என்னோட சீக்ரெட்" என்று நான்காவது கியரில் உள்ளே விட்டான். பஸ் தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு அந்தரத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டுப் பள்ளத்துக்குள் இறங்கியது. அரங்கம் அதிர்ந்தது.

"லேக்கு… நெட்டு லேக்காகுது" என்றான் மாரிசெல்வம். அந்தக் கணினியில் நெட்டே கிடையாது. "ஹாரனாச்சும் அடி மாப்ளே!" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தன் கத்தினான். நாகஜோதிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவு பூட்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்து, பஸ்ஸுக்காக நிற்கும்போது புது எண்ணிலிருந்து போன் வந்தது.

"வணக்கம், ராஜகுரு பேசறேன். நாகா சார் இருக்காருங்களா?"

"நான்தான் சார் நாகா."

"சரிங்க மேடம். அந்த நாலாவது வளைவைப் பத்தி நாற்பது பேருக்கு மேல எழுதியிருக்காங்க. நானும் ஓட்டிப் பார்த்தேன். ஒன்பது தடவை விழுந்தேன். நீங்க ஓட்டிப் பார்க்காமலே எழுதிட்டீங்களா?"

தவறிப்போய் எழுதிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஓட்டாமல் எழுதினவள் என்ற பேரை அவளால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"அம்பத்திரெண்டு தடவ ஓட்டுனேன் சார். விழும்னு தெரிஞ்சுதான் எழுதுனேன்" என்று மாரிசெல்வத்தின் கதை முழுவதையும் சொன்னாள். ராஜகுரு குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அவன் உங்களைத் திருடினான். என் வாசகர்கள் என்ன பண்ணாங்க?"

"ஓட்டிப் பாக்காம நம்புனா சார்…"

"நாகா எழுதினா ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லைன்னு நெனச்சாங்க மேடம். நானும் அப்படித்தான் நெனச்சுப் போட்டேன்." திருத்தம் ஒன்று எழுதி அனுப்பச் சொன்னார். அதற்கு மேல் எதுவும் அனுப்ப வேண்டாம் என்றார்.

திருச்சுழி வரும்வரை அந்தத் திருத்தத்தை எழுதினாள். நாலே வரி. முதலில் எழுதியதில் 'ஓட்டிப் பார்க்காமல் நம்பியவர்களுக்கு' என்று இருந்தது. அடித்தாள். இரண்டாவதில் 'சிலருக்கு ஏற்பட்ட குழப்பத்துக்கு' என்று வந்தது. அதைப் படித்தபோது மாரிசெல்வம்கூட இதைவிட நேர்மையாக எழுதியிருப்பான் என்று பட்டது. கடைசியில் 'தெரிந்தே தவறாக எழுதினேன். நாலாவது வளைவை இரண்டாவது கியரில் எடுங்கள்' என்று எழுதி, கீழே 'நாகஜோதி' என்று முழுப் பெயரையும் போட்டு அனுப்பினாள்.

ஜூனில் தேர்வு முடிவு வந்தது. மின்னணுவியலில் நான்கு மதிப்பெண் குறைந்து நின்றுபோனது. மறுதேர்வை மட்டும் எழுதியிருந்தால் தேறியிருப்பாள். இதுவரை தோற்றவர்களைப் பார்த்துச் சிரித்தவளுக்குத் தன்னைப் பார்த்துச் சிரிக்க வரவில்லை.

"ஏத்தா, ஒண்ணு நின்னுபோச்சாமே? திரும்ப எப்ப எழுதணும்?" என்று கேட்டாள் மில்லிலிருந்து வந்த சோலையம்மாள்.

"நவம்பர்ல."

"போன வாங்கி வச்சுக்கிறவா?"

"வேணாம்மா. போனு ஒண்ணும் பண்ணல."

கல்லூரி திறந்த முதல் வாரம் மாரிசெல்வம் புது பஸ் ஸ்டாண்டில் அவளைத் தேடி வந்தான். கூலிங் கிளாஸ் இல்லாமல் அவனுக்குச் சின்ன முகமாக இருந்தது.

"நாகாங்கிறது நீங்கதானா? திருத்தத்துல பேரப் பாத்தேன். வேணும்னேதான் எழுதுனீகளா?"

"ஆமா."

"என்னைய விழ வைக்கவா?"

"ஆமா. ஒன்னையத்தான்."

கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவனோ ரகசியம் சொல்வது போலக் குனிந்தான். "அந்தப் பஸ்ஸு விழுந்தத ஒருத்தன் எடுத்துப் போட்டுட்டான். அதுல மூவாயிரம் பேரு சேனலுக்கு வந்துட்டாங்க. நீங்க எனக்கே எழுதுங்களேன். அவுக குடுத்ததுக்கு மேலயே தாரேன்."

நாகஜோதி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இவனை விழவைக்கப் போய் எழுத்து போனது, மார்க்கு போனது. விழுந்தவன் மூவாயிரம் பேரோடு வந்து நிற்கிறான். இந்த உலகத்தைப் பற்றி அவள் வைத்திருந்த அபிப்பிராயம் சரிதான் என்று தோன்றியது.

"இப்பவாச்சும் நாலாவது வளைவ ஓட்டுவியா?" என்று கேட்டாள்.

"அதுக்கப்புறம் நான் அந்தப் பாதைக்கே போகல."

"மொதல்ல அத ஓட்டிட்டு வா. பெறகு பேசலாம்."

எட்டு நாள் கழித்து வந்தான். பஸ் ஸ்டாண்டு தூணில் சாய்ந்து நின்று, அவள் கண் முன்னால் ஓட்டிக் காட்டினான். நாலாவது வளைவில் இரண்டாவது கியர். வண்டி விழவில்லை. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"மூணாவது வளைவுல சுவத்த ஒரசிட்ட" என்றாள் நாகஜோதி.

நவம்பரில் நின்றுபோன பாடத்தை எழுதித் தேறினாள். அந்த ஐந்து மாதமும் காலை பஸ்ஸில் மின்னணுவியல்தான் ஓடியது. ராஜகுருவுக்கு இன்னொரு கட்டுரை அனுப்பிப் பார்த்தாள். பதில் வரவில்லை. டிசம்பரிலிருந்து மாரிசெல்வத்துக்கு எழுதுகிறாள், வாரம் ஒன்று. ஓட்டிப் பார்க்காமல் வாசிக்கக் கூடாது, எழுதியது யார் என்று முதலிலேயே சொல்ல வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு. சொல்கிறான், 'நம்ம நாகஜோதி சிஸ்டர்' என்று. அந்தச் சிஸ்டரை எடுக்கச் சொல்லி அலுத்துவிட்டாள்.

இப்போது அவன் ஓட்டுவது நன்றாகத் தேறியிருக்கிறது என்கிறாள் தங்கமாரி. நாகஜோதி அதை ஒத்துக்கொள்வதில்லை.