ஒன்றை அழுத்துங்கள்

குன்னூர் பக்கத்து வெலிங்டனுக்கு மேலே ஒரு பழைய பங்களாவில் மூன்று நாள் உட்கார்ந்து, சமூகத்துக்கான மென்பொருள் ஆராய்ச்சி அடுத்த பத்து வருடங்களில் எந்தத் திசையில் போக வேண்டும் என்று திட்டமிட்டோம். இந்த மாதிரிக் கூட்டங்களுக்குப் போய்ப் போய்த்தான் எனக்குத் தலை நரைத்தது. எப்போது பார்த்தாலும் அடுத்த பத்து வருடம்தான். போன பத்து வருடம் என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு ஒரு கூட்டம்கூட யாரும் போட்டதில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போய்விட்டது. ஆனாலும் அந்தத் தடவை போனேன், எனக்கு அங்கே ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது.

என் அண்ணி மஞ்சூரில் இருக்கிறார். அண்ணன் போன பிறகு, ஜெகதளாவுக்கு என்னோடு வந்துவிடுங்கள் என்று எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தேன், அசையவில்லை. சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், வாரத்தில் இரண்டு நாள் ஊட்டிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் அவருடைய முறை கிடைக்கும். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் எங்கே மண் சரியும், எங்கே மரம் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வருடம் வராத பஸ்ஸுக்காக மழையில் நின்று, திரும்ப மேடேறி வீட்டுக்குப் போனவர், மூச்சு வாங்கிப் படுத்துவிட்டார். உடம்பெல்லாம் நீர் கோத்திருந்தது. பிழைத்து எழுந்ததே பெரும்பாடு. அவரைப் போல அந்தப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளில் இன்னும் சிலர் இருந்தார்கள்.

அந்தக் கோபத்தில்தான் அந்தச் சின்ன மென்பொருளை எழுதினேன். எங்கள் மலையில் மிஸ்டு கால் என்பது ஒரு தனி மொழி. ஒரு தடவை அடித்து நின்றால் வந்து சேர்ந்தாயிற்று, இரண்டு தடவை அடித்தால் கிளம்பி வா. விடிவதற்கு முன்னால் ஊட்டியிலிருந்து மஞ்சூருக்குப் பால் வண்டி வரும். வண்டி வந்துவிட்டால் பாதை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டுபவர் கடை முன்னால் நிறுத்தியதும் ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுப்பார். உடனே என் மென்பொருள் நோயாளிகள் எல்லோரையும் கூப்பிட்டு, பாதை திறந்திருக்கிறது, பஸ் வரும் என்று சொல்லும். மிஸ்டு கால் வராவிட்டால், இன்று கிளம்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முறையை மாற்றி வைக்கும்படி ஆஸ்பத்திரிக்கும் செய்தி அனுப்பும். கேட்டவர்கள் போனில் ஒன்றாம் எண்ணை அழுத்த வேண்டும். அழுத்தாதவரை மறுபடியும் கூப்பிடும். குரல் என்னுடையதுதான். சளி பிடித்திருந்த ஒரு மாலையில், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்தேன்.

இரண்டு மழைக்காலம் அது பிசகாமல் ஓடியது. பிசகாமல் ஓடுகிற எதையும் எங்கள் துறையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்கு ஒதுக்கியிருந்த நிதி அந்த மார்ச்சோடு முடிவதாக இருந்தது. சர்வரும், கூப்பிடுகிற எண்ணும் நான் வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிறுவனத்துடையவை. நானே நடத்திக்கொள்கிறேன் என்று கேட்டதற்கு, விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. ஆக, பத்து வருடத் திட்டத்தில் எப்படியாவது ஒரு வரி அதற்காக வாங்கிவிட வேண்டும் என்றுதான் வெலிங்டனுக்குப் போனேன்.

அங்கே முறை இதுதான். ஆளுக்கு ஒரு யோசனையைப் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் பிடித்த யோசனைகளுக்குப் பக்கத்தில் வட்ட ஸ்டிக்கர் ஒட்டி ஓட்டுப் போட வேண்டும். ஸ்டிக்கர் பார்சல் கீழேயிருந்து வந்து சேராததால், யாரோ குன்னூர் கடைவீதிக்குப் போய் ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளை வாங்கி வந்திருந்தார்கள். பேராசிரியர்களும் அதிகாரிகளும் நகத்தால் பொட்டை உரித்து, நாட்டின் எதிர்காலத்துக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன்.

‘ஏற்கெனவே ஓடும் மென்பொருள்களை ஓட வைத்திருத்தல்’ என்று எழுதி ஒட்டினேன். தேநீர் வேளை முடிந்து வந்து பார்த்தால் நான் வைத்த பொட்டு மட்டும் இருந்தது. என்னோடு ஒரே நிறுவனத்தில் வேலை பார்க்கும் நண்பர் பக்கத்தில் வந்து நின்றார். கோபிச்செட்டிபாளையத்துக்காரர், நல்ல மனுஷன், அண்ணியின் கதை முழுக்கத் தெரிந்தவர்.

“ஏனுங்க மேடம், இப்படி எழுதுனா யாருங்க பொட்டு வெப்பாங்க? ஓட்டிட்டிருக்கறத ஓட்டறதுக்குப் பேரு ஆராய்ச்சிங்களா?”

“வேற எப்படி எழுதறதுங்க? அதுதானே வேணும்.”

“குடுங்க இப்படி” என்று பேனாவை வாங்கினார்.

புதுத் தாளில் ‘மலைப்பாதைத் தடைகளைச் செயற்கை நுண்ணறிவால் முன்கூட்டியே கணித்தல்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, என் தாளின் மேலேயே ஒட்டிவிட்டார். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அந்தத் தாள் முழுக்கப் பொட்டு. மூன்று நாளில் அதிகப் பொட்டு வாங்கியது அதுதான். நண்பர் எனக்குக் கை கொடுத்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்று மாலை அண்ணிக்குப் போன் செய்து, “கவலைப்படாதீங்க அண்ணி, பத்து வருஷத்துக்கு ஏற்பாடு ஆயிடுச்சு” என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

“பத்து வருஷமா? அதுவரைக்கும் நானிருக்கோணுமே அம்மிணி” என்றார் அண்ணி.

கடைசி நாள் கூட்டத் தலைவர் எல்லாவற்றையும் தொகுத்துச் சொன்னார். அதிர்ந்து பேசாத பெரியவர், யாரையும் மேடம், சார் என்றுதான் கூப்பிடுவார். முன்கணிப்புத் திட்டம் மூன்றாம் ஆண்டில் தொடங்கும் என்றார். மஞ்சூரில் இப்போது நடப்பது சோதனை முயற்சி, அது வெற்றிகரமாக முடிந்துவிட்டது, எனவே நிறைவு அறிக்கை கொடுத்து மூடிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்து நடந்தால் ஒரே வேலைக்கு இரண்டு நிதி என்று தணிக்கையில் கேள்வி வரும். தவிர, புதிய மென்பொருளால் எவ்வளவு பயன் என்று அளக்க வேண்டுமானால், எதுவுமே இல்லாத ஒரு காலம் ஒப்பிடுவதற்கு வேண்டும். மூடினால் அதுவும் கிடைத்துவிடும் என்றார். எனக்கு மண்டை காய்ந்தது.

எழுந்து நின்றேன். “சார், அந்த எதுவுமே இல்லாத காலத்துல அவங்க எப்படி ஆஸ்பத்திரிக்குப் போவாங்க?”

அவர் என்னைக் கனிவாகவே பார்த்தார். “முக்கியமான கேள்வி மேடம். இதைச் ‘சவால்கள்’ பக்கத்துல சேர்த்துக்கலாம்.”

சின்ன மஞ்சள் தாளில் என் கேள்வியை எழுதி அவரே சுவரில் ஒட்டினார். நண்பர் தலையைக் குனிந்துகொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட உடம்பில் தெம்பில்லை. வெளியே ஊட்டி வர்க்கி பிஸ்கட்டோடு தேநீர் வைத்திருந்தார்கள், நானும் போய் வரிசையில் நின்றேன்.

மார்ச் முடிந்து சர்வர் நின்றது. கோடை எப்படியோ கழிந்தது. ஜூனில் மழை பிடித்ததும் பால் வண்டிக்காரரைக் கூப்பிட்டு, பழைய எண் இனி வேண்டாம், என் போனுக்கே மிஸ்டு கால் கொடுங்கள் என்றேன். “சரிங்க அக்கா, எனக்கு எல்லாம் ஒண்ணுதானுங்க” என்றார். அன்றிலிருந்து இருட்டோடு எழுந்து போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்காருகிறேன். மிஸ்டு கால் வந்தால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு பஸ் உண்டு என்று சொல்கிறேன். வராவிட்டால் ஆஸ்பத்திரி நர்சிடம் கெஞ்சி முறையை மாற்றி வாங்குகிறேன். இத்தனை படித்து, இத்தனை கூட்டம் போய், கடைசியில் நான் எழுதிய மென்பொருளின் வேலையை நானே பார்க்கிறேன்.

முதல் நாள் அண்ணி போனை எடுத்ததும், “அண்ணி, பாதை இருக்கு, பஸ் வரும். ராத்திரி தூங்கினீங்களா, கால் வீக்கம்…” என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே காதில் ‘பீப்’ என்று கேட்டது. ஒன்றை அழுத்திவிட்டு வைத்துவிட்டார். மறுமுறையும் அப்படியே. லைன் வீடுகளில் இருந்தவர்களில் பாதிப் பேர் அதையேதான் செய்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மஞ்சூர் போனபோது கேட்டே விட்டேன். “என்ன அண்ணி, நான் பேசப் பேச ஒண்ண அழுத்திட்டு வெச்சிடறீங்க?”

அண்ணி கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கால் கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது.

“நீயா பேசுன? எனக்கெப்படித் தெரியும் அம்மிணி? மெசினு பேசறதும் நீ பேசறதும் ஒண்ணாட்டத்தான் இருக்குது. ரெண்டும் அலுத்துப்போயில்ல பேசுது.” சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார். “அந்த மெசினுக்குக் காய்ச்ச வந்ததில்ல. உனக்கு வந்தா நாங்க என்ன பண்றது?”

இதையும் ஒரு மஞ்சள் தாளில் எழுதி ஒட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். காபி போட எழுந்து போனேன்.

செவ்வாய்க்கிழமை விடியும் முன்னால் எனக்கு உடம்பு அனலாகக் காய்ந்தது. பால் வண்டியின் மிஸ்டு கால் வந்தது. அண்ணியின் எண்ணைப் போட்டேன். காய்ச்சல் என்று தெரியக் கூடாது என்பதற்காக, பதிவில் இருந்ததையே வார்த்தை பிசகாமல் சொன்னேன்.

“வணக்கம். இன்று பாதை திறந்திருக்கிறது. பஸ் வரும். கேட்டுவிட்டால் ஒன்றை அழுத்துங்கள்.”

அழுத்தினார். அடுத்தவரைக் கூப்பிட்டேன்.