தூங்கினால் அப்பா காணாமல் போய்விடுவார்

இன்று ஸ்ரீரங்கம் பஸ்ஸில் பக்கத்து சீட் அக்கா என் நான்கு வயது மகளிடம் சும்மாதான் கேட்டார்.

"பாப்பா, ராத்திரி சமத்தா தூங்குவீங்களா?"

"மாட்டேன். தூங்குனா அப்பா காணாமப் போயிடுவாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எனக்குத் துவாக்குடியில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட். "அப்பா இங்கயேதான் இருப்பேன், கண்ணை மூடு" என்று அவளைத் தூங்கவைத்துவிட்டு தினமும் நழுவிப் போகிறவன் நான். தூங்க அடம்பிடிக்கிறாள் என்று திட்டியும் இருக்கிறேன்.

"இனிமே டாட்டா சொல்லிட்டுத்தான் போவேன்மா. நீ ஜாலியா கனவு கண்டுக்கிட்டுத் தூங்கு" என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள்.

"சரி. கனவுல நானும் உங்க கம்பெனிக்கு வருவேன்."

ஐடி கார்டு இல்லாமல் கேட்டில் விடமாட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் வீட்டு வாண்டு ஏன் தூங்க மாட்டேன் என்கிறது? கேட்டீர்களா, இல்லை என்னைப்போல் திட்டியதோடு சரியா?