வெட்டின கோவாவுக்கு வக்காலத்து

வெட்டின கோவாவுக்கும் உயிர் இருக்கிறது என்று ஊர் ஊராகச் சொல்லிச் சம்பளம் வாங்குகிற தொழில் என்னுடையது. நல்லதைச் சொல்லப் போய் ஏச்சு வாங்கி வீடு திரும்பிய எவரும் எனக்குச் சொந்தக்காரர்தான். நீங்களும் அப்படிப்பட்டவரென்றால், என் பாடு என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

விஷயம் இவ்வளவுதான். முட்டைக்கோசு என்று சிலர் சொல்கிற கோவா, பூக்கோவா, புறோக்கோலி எல்லாம் ஒரே குடும்பம். வெட்டிய பிறகும் அவை மூச்சு விடும், மெல்ல மெல்லக் கிழடாகி மஞ்சளாகும், சத்தும் இறங்கும். செடி தன்னை இளமையாக வைத்திருக்கத் தானே சுரக்கிற ஓமோன் ஒன்று உண்டு. அதைத் துளியளவு தண்ணீரில் கலந்து, வெட்டிய கையோடு தோய்த்தெடுத்தால் பச்சையும் விற்றமினும் இன்னும் சில நாள் நிற்கும். ஒரு திட்டத்தின் பேரில் இதைத் தோட்டக்காரருக்குப் பழக்க என்னை வேலைக்கு எடுத்திருந்தார்கள். ஓமோன் என்ற சொல்லிலேயே ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்கிற ஓம் இருக்கிறதே, எங்கடை சனம் ஓம் சொல்லாமலா விடும் என்று நானும் ஸ்கூட்டியில் ஏறினேன்.

மீசை

யாழ்ப்பாணத்து இணுவிலில் மகேஸ் அக்கா பரம்பரைப் புகையிலைத் தோட்டக்காரி. புகையிலை சப்பிச் சப்பி வாயில் புற்று வந்த புருசனைப் பறிகொடுத்த பிறகு, அந்த இலையை இனித் தொடுவதில்லை என்ற வைராக்கியத்தோடு இருந்தார். வேறென்ன நடலாம் என்று என்னிடம் கேட்டார். புறோக்கோலி என்றேன். நல்ல விலை போகும், ஆனால் வெட்டி இரண்டு நாளில் மஞ்சளாகிவிடும், அதற்குத்தான் என் ஓமோன் என்று விளக்கினேன்.

மனிசி யோசிக்கவே இல்லை. "ஓம், நடுறன்" என்றார். அந்த ஓமைக் கேட்ட சந்தோசத்தில் நான் ஸ்கூட்டியைத் திருப்பும்போது படலையடிக்கு ஓடிவந்து கேட்டார்: "என்ரை மச்சாள் உந்த ஓமோன் குளிசை குடிச்சு நாடியிலை மயிர் முளைச்சவள். உந்தப் பச்சைப் பூக்கோவாவுக்கும் மீசை வருமோ, பிள்ளை?"

சோதினை

முதல் வெட்டை மருதனார்மடம் சந்தைக்குக் கொண்டுபோனோம். தோய்த்தது ஒரு குவியல், தோய்க்காதது ஒரு குவியல். உண்மையை எழுதி வைப்பதுதான் நல்ல வியாபாரம் என்று நம்பி, "ஓமோனில் தோய்த்தது" என்று ஒரு பலகையும் வைத்தேன். புத்தி கெட்ட வேலை என்று இப்போது தெரிகிறது.

உடுவிலில் இருந்து ஓய்வுபெற்ற விஞ்ஞான ரீச்சர் ஒருவர் வந்தார். ஓமோன் பாடத்தை வருசக் கணக்காகப் படிப்பித்தவர். என் விளக்கத்தில் இரண்டு பிழை பிடித்துத் திருத்தினார். பாதிப்பு ஒன்றும் இல்லை, நல்ல முறை என்றும் சொன்னார். பிறகு தோய்க்காத குவியலில் கைவிட்டு, மஞ்சள் தட்டத் தொடங்கிய ஒன்றைத் தெரிந்தெடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். நான் வாய் பிளந்து நிற்பதைப் பார்த்து, "நான் படிப்பிச்சது சோதினைக்கு, பிள்ளை. சமையலுக்கு இல்லை" என்றார்.

மீன்

ரீச்சரை மனதுக்குள் திட்டவாவது முடிந்தது. கொழும்புத்துறைப் பிலோமினா அக்காவை அப்படித் திட்டவும் முடியவில்லை. அவருடைய புருசன் கடலுக்குப் போகிறவர். மருதனார்மடத்து மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் எங்கள் பச்சையைக் கண்டு நின்றார். எடுத்து மணந்தார், காம்பை நகத்தால் கீறினார். வாங்கத்தான் போகிறார் என்று மகேஸ் அக்கா பையை விரித்தே விட்டார்.

எப்போது வெட்டியது என்று கேட்டார். நாள் கணக்கைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அது அரை மணித்தியாலப் பதில். அவருடைய பஸ் வந்துவிட்டது. ஏறுவதற்கு முன் இரக்கத்தோடுதான் கேட்டார்: "செத்தும் நாறாத மீனை மருந்து மீன் எண்டு நாங்களே வாங்க மாட்டம். வெட்டியும் வாடாத இலையை நான் என்னெண்டு வாங்கிறது, தங்கச்சி?"

சாக்கு

எங்களுடையது மருந்தடித்த சாமான் என்று சந்தை முழுக்கக் கதை பரப்பியவர் ஒரு மொத்த வியாபாரி. அவருடைய கோவாவில் புழு தின்ற ஒரு ஓட்டை காண முடியாது. வெட்டுவதற்கு முதல் நாள்வரை பூச்சிமருந்து குடித்து வளர்ந்த கோவா அது. அதைச் சனம் தட்டிப் பார்த்து, மெச்சி வாங்கிக்கொண்டு போனது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

அந்த மனிதர் ஒரு மத்தியானம் எங்கள் கடைக்குப் பின்பக்கமாக ஒரு சாக்கோடு வந்தார். உள்ளே வெயிலில் கிடந்து மஞ்சளாகிப்போன கோவா. பச்சையாக்கித் தரட்டாம். வருகிற கிழட்டுத்தனத்தைத் தள்ளிப்போடலாம், வந்ததைத் திருப்ப ஏலாது என்றேன். என்னைக் கள்ளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நான் ஒருநாளும் அதை மருந்து என்று சொன்னதில்லை. அவர் சொன்னார்: "போன பச்சையைத் திருப்பித் தராதெண்டால், பிறகென்ன மண்ணாங்கட்டிக்கு உதை மருந்தெண்டு கொண்டு திரியிறியள்?"

வெற்றி

வாங்குவதாகச் சொன்ன நகரத்துச் சாப்பாட்டுக்கடையும் பலகைக் கதை காதில் விழுந்து பின்வாங்கியது. தோட்டத்தில் பாதிக்கு மேல் வெட்டாமலே நின்றது. நான் எங்கள் திட்டத்துக்குப் பொறுப்பான பெரியவரிடம் ஓடினேன். அவர் ஆய்வுகூட முடிவுகளைப் பார்த்துப் பூரித்துப்போய் இருந்தார். பச்சை நின்றிருக்கிறது, விற்றமின் நின்றிருக்கிறது.

ஒருவரும் வாங்கவில்லை, அந்த மனிசி என் சொல்லை நம்பி நட்டது என்றேன். குரல் கொஞ்சம் கூடிவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "விக்கிறது எங்கடை பிரிவிலை வராது, பிள்ளை. கோவா வாடேல்லை எல்லோ? திட்டம் வெற்றி எண்டு எழுதும்" என்றார்.

வாடின இலை

இணுவிலுக்குக் கடைசியாகப் போனபோது வெட்டாத புறோக்கோலி எல்லாம் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நின்றது. தேனீக்கள் மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் மொய்த்துக்கொண்டிருந்தன. மற்றப் பக்கத்தில் நிலத்தைக் கொத்திப் புதுக் கன்று நட்டிருந்தது. புகையிலைக் கன்று.

ஏச்சு வாங்கத் தயாராகத்தான் போனேன். மகேஸ் அக்கா ஏசவில்லை. பனங்கட்டியோடு பிளேன்ரீ தந்தார். "அக்கா, திரும்பவும் அதோ?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் கன்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பச்சையா வைச்சிருந்து என்னத்தைக் கண்டனான், பிள்ளை? புகையிலை வாடினால்தான் விலை. அதையும் பாகு மாதிரி ஒரு பாணியிலை தோய்க்கினம்தான், அது என்ன பாணி எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை."

ஓமோன் என்ற சொல்லில் இருக்கிற ஓமை விட்டால், யாழ்ப்பாணத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ஓம் மகேஸ் அக்காவுடையது. அதைத்தான் என்னால் வாடாமல் வைத்திருக்க முடியவில்லை.