சுலோஜனா அக்காவின் சுருக்கெழுத்துக் கொப்பி

பேய் இரவில்தான் வர வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? எனக்கு வந்தது பின்னேரம் மூன்று பத்துக்கு, திருகோணமலை உட்துறைமுக வீதியில், என் கடைக்குள்ளேயே. அல்லாஹ் மேல் ஆணையாக ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. நம்ப விருப்பமில்லாதவர்கள் போகலாம், நான் யாரையும் கெஞ்ச மாட்டேன்.

என் பெயர் றுக்கியா. தட்டச்சும் போட்டோக் கொப்பியும் என் தொழில். என் கணவர் பக்கீர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர். ஜூன் மாதம் ஒரு நாள் கயிறு அறுந்து அடித்ததில் கடலில் விழுந்து மௌத்தானார். குடித்துவிட்டு வேலைக்கு வந்ததால்தான் விழுந்தார் என்று கொம்பனி எழுதியது. பீடிகூடப் பிடிக்காத மனிதரை! 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று அந்தக் கடிதத்தில் நான் கையொப்பம் வைத்தால் விசாரணை முடிந்துவிடும், என் மனுசன் ஊருக்குள் குடிகாரனாகவே கிடப்பார். திங்கட்கிழமை கடைசி நாள்.

கணவரை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிந்து நான் கடை திறந்த அன்றே சுலோஜனா அக்கா வந்தார். கந்தோர் ஒன்றில் முப்பது வருஷம் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். விடியற்காலையில் ஒரு குரல் காதுக்குள் சொல்கிறதாம், கை தானாக எழுதுகிறதாம்.

"ஆரின்ர குரல் அக்கா?"

"ஆரெண்டு கேக்கேல்லைப் பிள்ளை. ஆரும் சொன்னா எழுதித்தான் எனக்குப் பழக்கம். எழுதேக்க கருத்தையும் கவனிக்கிறேல்லை."

எனக்குச் சுருக்கெழுத்துத் தெரியாது; அவர் கொப்பியைப் பார்த்து வாசிப்பார், நான் அடிப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது பெண்கள் அவர் வீட்டில் கூடி, நான் அடித்த பக்கங்களைப் பக்தியோடு படித்தார்கள்.

'பயம் என்று ஒன்று இல்லை. இழப்பு என்று ஒன்று இல்லை. குற்றம் இல்லை, ஆகவே குற்றவாளியும் இல்லை. மன்னித்தவர் விழித்தவர்.' இப்படியே போகும். உண்மையைச் சொன்னால், முதலில் அது எனக்கு மருந்தாக இருந்தது. அதை அடித்த நாட்களில் நன்றாகத் தூங்கினேன். பேசாமல் கையொப்பத்தை வைத்துவிடுவோமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பை எண்ணி இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

நவம்பர் மாதம், அந்தத் திங்கட்கிழமைக்கு முந்திய வெள்ளிக்கிழமை. அடைமழை. 3.10க்கு அக்கா கதிரையில் இருந்து வாசிக்கத் தொடங்கினார். அவருக்கு ஆஸ்துமா, நாலு சொல்லுக்கு ஒருமுறை இழுக்கும். அன்று இழுக்கவே இல்லை.

3.18. நான் மூன்று பக்கம் அடித்துவிட்டேன். அவர் ஒரு தாளைக்கூடப் புரட்டவில்லை.

நிமிர்ந்தேன். அவர் கண் கொப்பியில் இல்லை... என் மேல் இருந்தது.

'நடந்தது எதுவும் நடக்கவில்லை,' என்று வாசித்தார். 'கயிறு அறவில்லை. யாரும் விழவில்லை.'

என் கை நின்றுவிட்டது.

"அக்கா... என்ன கதை இது?"

'றுக்கியா. கையொப்பமிடு. அமைதி அடை.'

3.24. கரண்ட் போனது. ஃபேன் நின்றது. திரை கறுத்தது.

டக்... டக்... டக்...

கீபோட் சத்தம். என் இரண்டு கையும் மடியில் இருந்தன.

டக்... டக்...

'கையொப்பமிடு.'

பயந்தேன். ஆனால் அடி வயிற்றிலிருந்து ஒரு கோபம் வந்தது பாருங்கள்! எழும்பி நின்று கத்தினேன்.

"ஏலாது! எண்ட மனுசன் மௌத்தானது நடந்தது! குடிச்செண்டு பொய் எழுதினதும் நடந்தது! செஞ்சவன் இருக்கான்! நீ ஆரா இருந்தா எனக்கென்ன? வெளிய போ!"

சத்தம் நின்றது. அக்காவுக்கு இழுக்கத் தொடங்கியது. 3.31.

"எதுவரைக்கும் வாசிச்சனான், பிள்ளை?" என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரிக் கேட்டார்.

"எண்ட பேர் எந்த இடத்தில எழுதிக் கிடக்கு? காட்டுங்க!"

கொப்பியைப் பார்த்து விழித்தார். நான் அதைப் பறித்து வைத்துக்கொண்டேன். என் பெயரை எழுதியது யார் என்று தெரியாமல் எனக்கு உறக்கம் வராது.

மறுநாள் காலை அதைச் சாம்பல்தீவுக்குக் கொண்டுபோனேன். அங்கே இருக்கும் தங்கரத்தினம் ஐயா, அக்காவோடு அதே கந்தோரில் சுருக்கெழுத்து எழுதியவர். முதல் பக்கத்தைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இதில உபதேசம் ஒண்டும் இல்லையே, பிள்ளை. ஒரு மனுசன்ர வாக்குமூலமெல்லோ இது."

முதல் பக்கத்தின் திகதி, பக்கீரை அடக்கம் செய்ததற்கு மறுநாள். ஐயா மெதுவாக வாசித்தார்.

'கயிறு இத்துப்போய்க் கிடந்திச்சி. ஓவசியர்ட்ட மூணு தரம் சொன்னன். அறுந்த துண்டு ஸ்டோர்ல சாமான் மூடுற பச்சைப் படங்குக்குக் கீழ கிடக்கு. நான் குடிக்கல்ல. றுக்கியாட்டச் சொல்லுங்க.'

கடைசிப் பக்கம் ஒன்றைத் தவிர நூற்று முப்பத்திரண்டு பக்கமும் இதுதான். திருப்பித் திருப்பி இதுவேதான். ஐந்து மாதமாக அந்த மனிதர் கத்திக்கொண்டிருந்திருக்கிறார், நான் அவருக்கு முன்னாலேயே இருந்து வேறு எதையோ அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஐயாவின் முற்றத்தில் இருந்து ஓவென்று அழுதேன்.

திங்கட்கிழமை கையொப்பம் வைக்கவில்லை. "ஸ்டோரைத் திறங்க" என்று விசாரணைக்காரர் முன்னால் நின்றேன். சிரித்தார்கள். திறந்தார்கள். பச்சைப் படங்குக்குக் கீழே கயிறு இருந்தது, விரலால் நிமிண்டினாலே உதிர்ந்தது. பக்கீரின் பெயரில் இன்றைக்கு அந்தப் பொய் இல்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை, வெள்ளி விடியற்காலை எழுதிய கடைசிப் பக்கத்தை மட்டும் வாசிக்க மாட்டேன் என்றிருந்தார் தங்கரத்தினம் ஐயா. நான் விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வாசித்தார்.

'இந்தம்மா நான் சொல்றதத்தான் எழுதுறா. ஆனா வாசிக்கிறது அவ இல்ல. அந்தக் குரல எனக்குத் தெரியும். கயிறு அறுந்தண்டைக்கு, நான் தண்ணிக்குள்ள போகக்குள்ள எண்ட காதுக்குள்ள கதைச்சதும் அதான். ஒண்டும் நடக்கல்ல, ஒண்டும் நடக்கல்லண்டு சொல்லிச் சொல்லி, என்னைய நீந்த விடல்ல.'