இரண்டு சாவடிகளுக்கு நடுவே

ஆறு வளைகுடா நாடுகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருப்பதை எனக்குச் சொல்லித் தந்தவர் என் அர்பாப். ஓமானில், நான் வேலை பார்த்த சோஹாரில், முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவோம். சரக்குக்கு வரி கிடையாது, இங்குள்ளவர் அங்கே வேலை பார்க்கலாம், வீடு வாங்கலாம், அட்டையைக் காட்டினால் எல்லை திறக்கும் என்று பெருமையாகச் சொல்வார். ஆறும் ஒரே வீடு என்பார். அந்த வீட்டில் பதினோரு வருஷம் லாரி ஓட்டியவன் நான். எனக்கும் அதில் ஒரு மூலை உண்டு என்று நானாக நினைத்துக்கொண்டேன். என் புத்தி அப்படி.

ஒரு காலையில், எல்லைக்கு அந்தப் பக்கம் எமிரேட்ஸில் உள்ள அல் ஐன் மருத்துவமனையில் இருந்த அவருடைய அம்மாவுக்கு மூச்சுத் திணறுகிறது என்று போன் வந்தது. அர்பாபுக்குக் கண் ஆபரேஷன் ஆகி நாலு நாள்தான். கார்ச் சாவியை என்னிடம் தந்தார். என் பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் இருந்தது. அது தேவைப்படும் என்று எனக்கும் தோன்றவில்லை, பதறிக்கொண்டிருந்த அவருக்கும் தோன்றவில்லை. சட்டைப்பையில் ஓமானில் தங்கி வேலை பார்ப்பதற்கான அட்டை இருந்தது, அது போதும் என்றிருந்தேன்.

ஓமான் சாவடியில் இருந்தவர் அர்பாபின் உறவுக்காரர். விஷயத்தைக் கேட்டதும் கையசைத்து விட்டுவிட்டார். அடுத்திருந்த எமிரேட்ஸ் சாவடியில் அர்பாபின் அட்டை உடனே திரும்பி வந்தது. என் அட்டையை அதிகாரி முன்னும் பின்னும் புரட்டினார்.

"பாஸ்போர்ட் கிதர்?" எங்கே என்று இந்தியில் கேட்டார்.

அங்கே நான் வெளியே போனதாகப் பதிவில்லை, இங்கே உள்ளே வந்ததாகவும் பதிவில்லை. ஜெயில், விசா ரத்து என்று கேம்பில் கேட்ட கதையெல்லாம் மொத்தமாக நினைவுக்கு வந்தது. இவன் என் பிள்ளை மாதிரி என்று அர்பாப் கெஞ்சிப் பார்த்தார். அந்தச் சலுகை குடிமக்களுக்கு மட்டும்தான் என்று அதிகாரி மரியாதையாகவே சொன்னார். நீங்கள் வேறு வண்டியில் ஏறிப் போங்கள், இவன் திரும்பிப் போகட்டும் என்றார்.

அர்பாப் இறங்கி, பின்னால் வந்த வண்டிக்குக் கை காட்டினார். நான் திரும்பிப் போகும்போது அந்த உறவுக்காரர் ஓமான் சாவடியில் இருப்பாரோ இல்லையோ. ஓடிப்போய் அர்பாபின் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னேன்.

"அர்பாப், என்னை விட்டுட்டுப் போகாதீங்க."

அவர் சாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு காரில் ஏறி, வண்டியைத் திருப்பு என்றார்.

சோஹாரில் வேறு டிரைவர் பிடித்து அவர் போய்ச் சேர்வதற்குள் அம்மா போய்விட்டார்கள். திட்டுவார், வேலையை விட்டுத் தூக்குவார் என்று மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தேன். நான்காம் நாள் வந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"அன்னைக்கு ரொம்பப் பயந்துட்ட நீ. சாப்பிட்டியா?"