பெட்டியும் பக்கத்து வீட்டு பூட்ஸும்

கிடார் வாசித்து நான் களைத்ததில்லை. அதைச் சுற்றி இருக்கும் சாமான்களைச் சுமந்துதான் களைத்துப்போனேன். எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் பெரும்பாலும் மேடை மாடியில், சாப்பாடு கீழே. லிஃப்ட் இருந்தால் அதில் சாம்பார் வாளி போகும். ஆர்கெஸ்ட்ராக்காரன் படியேறி வரவேண்டும்.

கிடார் சத்தத்தைப் பெருக்கித் தரும் என் பழைய ஆம்ப் மாவு கிரைண்டர் கனம். அதைத் தூக்கித் தூக்கி இடுப்பு போயிற்று. டாக்டர், "இனிமே வெயிட் தூக்கக் கூடாதுங்க" என்று சொன்ன வாரத்திலேயே அதை ஒரு கல்லூரிப் பையனுக்கு விற்றுவிட்டு, மாடலர் ஒன்று வாங்கினேன். எங்கள் ட்ரூப்பில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, எல்லோருக்கும் அது 'பொட்டி'. காலடியில் வைத்து மிதிக்கிற தட்டையான பெட்டி. எந்த ஆம்ப் வேண்டுமோ அதைப் போலவே ஒலிக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சவுண்ட் செய்து அதற்குள் சேமித்து வைத்துக்கொள்ளலாம். தோள் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகலாம். இடுப்பு வாழ்த்தியது.

ஒரு விஷயத்தைக் கடைக்காரர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெட்டிக்கு வாய் கிடையாது. ஆம்ப் என்றால் அதற்குள்ளேயே ஸ்பீக்கர் இருக்கும், முதுகுக்குப் பின்னால் நின்று பேசும். பெட்டியோ ஒரு வயர் வழியாக, எல்லோர் சத்தத்தையும் கலக்கிற மிக்ஸருக்குப் போய், அங்கிருந்து ஹால் ஸ்பீக்கரில்தான் வெளியே வரும். மேடையில் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கர்கள் பாடுகிறவர்களைப் பார்த்து இருக்கும். அவர்களுக்கு அவரவர் குரலைத் தவிர வேறொன்றும் கேட்கக் கூடாது. நான் வாசிப்பது எனக்கே கேட்காமல், விரலை நம்பி வாசித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் எனக்கென்று ஒரு பவர்டு ஸ்பீக்கர் வாங்கினேன். அது பழைய ஆம்ப்பைவிடக் கொஞ்சம்தான் கனம் குறைவு. பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடி மாடிப்படி, மறுபடி இடுப்பு.

அப்படியும் சரியாகவில்லை. ஸ்பீக்கரில் எனக்குக் கேட்டது, ஆனால் ஹாலில் கேட்கவில்லை. திருவானைக்காவலில் ஒரு ரிசப்ஷன் முடிந்ததும் மிக்ஸரில் உட்காரும் தம்பியிடம் சண்டைக்கே போனேன். அவன் பாவம், அடக்கமாகத்தான் சொன்னான்.

"அண்ணே, உங்க சேனலைத் தூக்கினா கீழ உறுமுது, மேல காதை அறுக்குது. ரெண்டுக்கும் நடுவுல கிடாரே இல்லண்ணே. அதான் கம்மி பண்ணி வெச்சிருக்கேன்."

ட்ரூப்பை நடத்துகிறவர் என்னைவிடச் சின்னவர். நல்ல மனிதர், அதனால்தான் நேரடியாகச் சொல்லமாட்டார். "கீபோர்டுலயே கிடார் சவுண்ட் நல்லா வருதுண்ணே" என்று வேறு யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார். புரிந்தது. ஐம்பதைத் தாண்டிய கிடார்காரனுக்கு வேறெந்த ட்ரூப்பில் இடம்? இதுவும் போனால் நான் சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்வரம் சொல்லிக்கொடுக்கிற ஆள் மட்டும்தான். அதை நினைத்தால் பயமாகவே இருந்தது.

கோளாறு எங்கே என்று சொல்ல எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். நாங்கள் இருப்பது கைலாசபுரம் டவுன்ஷிப்பில். குவார்ட்டர்ஸ் என் மனைவி பெயரில். அவளுக்கு ஆபீஸ் வேலை, பகலில் வீட்டில் இருப்பது நான். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரே சுவர். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை.

எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. வாசலில் பூட்ஸ் இருந்தால் ஆள் நைட் ஷிப்ட் முடித்து வந்து உள்ளே தூங்குகிறார் என்று பொருள். அந்த வீட்டு மணியை யாரும் அடிக்கமாட்டார்கள். கீரைக்காரம்மாகூட அந்த வாசலைத் தாண்டிப் போய்த்தான் குரல் கொடுப்பார். என் மனைவி குக்கரில் விசில் வருவதற்குள் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுத்தான் ஆபீஸ் போவாள். நானும் பூட்ஸைப் பார்த்துவிட்டுத்தான் கிடாரை எடுப்பேன். பூட்ஸ் இருந்தால் ஸ்பீக்கரைக் கொசு பறக்கிற சத்தத்தில் வைப்பேன். போகப்போக பூட்ஸ் இல்லாத நாளிலும் அதே சத்தம்தான் என்று ஆகிவிட்டது.

அந்தப் பெட்டியில் இருந்த சவுண்ட் எல்லாம் அப்படிச் செய்ததுதான். சுவரோரம் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மாதக்கணக்கில்.

ஆனி மாதம் பக்கத்து வீட்டுக்காரர் மனைவியோடு பத்திரிகை வைக்க வந்தார். மகளுக்குக் கல்யாணம், ஸ்ரீரங்கத்தில் மண்டபம்.

"ரிசப்ஷனுக்கு உங்க ட்ரூப்பைத்தான் சொல்லிருக்கேன் சார்" என்றார். "நீங்க இல்லாமயா?"

ட்ரூப் நடத்துகிறவரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதுல பாத்துருவோம்ணே. சரியா வரலைன்னா அப்புறம் கீபோர்டுலயே போட்டுக்கலாம்" என்றார். இந்த முறை என்னிடமே சொன்னார்.

மண்டபத்துக்கு மதியமே போய்விட்டேன். ஹாலில் நாற்காலிக்கு உறை மாட்டுகிறவர்களைத் தவிர யாரும் இல்லை. ஸ்பீக்கரை மேடை ஓரத்தில் வைத்து, முதல் பாட்டின் சவுண்டை எடுத்து, வீட்டில் வாசிக்கிற அதே மெல்லிய சத்தத்தில் ஒரு தடவை வாசித்தேன். தேன். அப்புறம் மேடைக்கு வேண்டிய சத்தத்துக்கு ஏற்றினேன். தம்பி சொன்ன அதே உறுமல், அதே அறுப்பு. மறுபடி இறக்கினேன், தேன். ஏற்றினேன், கர்ணகடூரம். நாற்காலி உறைக்காரர் காதைத் தேய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் உறைத்தது. சத்தம் குறைவாக இருக்கும்போது அடிச்சத்தமும் கீச்சுச்சத்தமும் காதுக்கு எட்டாது. எட்டவில்லையே என்று இரண்டையும் நான் கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறேன். சுவரோரம் அது அளவாக இருந்தது. ஹாலில் அது மட்டும்தான் இருந்தது. நாலு பேருக்கு ரசம் வைத்துப் பழகிய கையோடு கல்யாணத்துக்குச் சமைக்கப் போனவன் கதை.

இத்தனை மாதம் மிக்ஸர் தம்பியைத் திட்டியிருக்கிறேன், ஸ்பீக்கர் கம்பெனியைத் திட்டியிருக்கிறேன். இப்போது திட்டுவதற்கு ஆளே இல்லை என்பது பெரிய அலுப்பாக இருந்தது.

காரணம் தெரிந்தும் என்ன செய்ய? ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு சவுண்ட். ஒன்றிரண்டைத் திருத்துவதற்குள் பெண் வீட்டார் வந்துவிட்டார்கள், ஹாலில் பன்னீர் தெளிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் கூட்டச் சத்தத்தில் உட்கார்ந்து சவுண்ட் தேடமுடியாது. மீதியைக் குத்துமதிப்பாகக் குறைத்தேன். குறைத்தது அதிகமாகிப் போயிற்று. கச்சேரி தொடங்கியதும் கிடார் கம்பளிக்குள்ளிருந்து முனகியது. தம்பி தன்னால் ஆனமட்டும் பார்த்துவிட்டு இறக்கிவிட்டான். கிடாரில் தொடங்குகிற பாட்டு ஒன்று வந்தது. நான் கம்பியில் கை வைத்தேன். ட்ரூப் நடத்துகிறவர் என்னைத் தாண்டி கீபோர்டுக்காரருக்குத் தலையாட்டினார்.

அந்தப் பாட்டு முழுக்கச் சும்மா நின்றேன். மேடையில் கிடாரை மாட்டிக்கொண்டு சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நின்றவர்களுக்குத் தெரியும். கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. போட்டோக்காரர் பார்க்கிறாரே என்று விரலை மட்டும் அசைத்தேன்.

பாட்டு முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் பட்டு வேட்டியோடு மேடையேறி வந்தார், நெற்றியெல்லாம் வியர்வை.

"ரொம்ப நல்லா இருந்துச்சு சார். ஆரம்பத்துல வந்துச்சே, அது நீங்கதானே?"

"அது கீபோர்டு சார்."

"ஓ." அவர் என் கிடாரைப் பார்த்தார். "அப்ப உங்களோடது எதுங்க?"

நான் கிடார் வாரைத் தோளில் சரிசெய்தேன். அவரே பேசினார். "தப்பா நெனக்காதீங்க. வீட்டுலயும் சத்தமே கேக்கறதில்ல. நீங்க வாசிக்கறத விட்டுட்டீங்கன்னுதான் ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன். எங்க வீட்டம்மாதான் இல்ல, ட்ரூப்புல இருக்காருன்னாங்க. சரி, ஒரு தடவ கேட்டுருவோம்னுதான் இந்த ட்ரூப்பையே சொன்னேன்."

"தினம் வாசிக்கிறேன் சார்" என்றேன். "பூட்ஸ் வெளிய இருக்கும். நீங்க தூங்குவீங்களேன்னு மெதுவா வாசிப்பேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சம்பந்தி வீட்டார் வந்து போட்டோவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

கிளம்பும்போது ட்ரூப் நடத்துகிறவர் என் ஸ்பீக்கரின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். பாதிப் படியில் மூச்சு வாங்க நின்று, "ஆடில அம்மன் பாட்டுக்குக் கிடார் வேணாம்ணே. ஆவணி முதல் முகூர்த்தத்துல ஒரு தடவ பாப்போம்" என்றார். 'ஒரு தடவ' என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னார்.

ஆவணியில் என்ன ஆயிற்று என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். இன்னும் அந்த ட்ரூப்பில்தான் இருக்கிறேன், இன்னும் படியேறிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது ஆடியைப் பற்றி.

மேடைச் சத்தத்தில் வைத்துத்தான் சவுண்டைத் திருத்தமுடியும். அதற்கு வீட்டைத் தவிர எனக்கு இடமில்லை. தினமும் காலையில் கதவைத் திறந்து பக்கத்து வாசலைப் பார்ப்பேன், பூட்ஸ் இருக்கும். கதவைச் சாத்திக்கொள்வேன். மகளை அனுப்பிய வீடு, தூக்கத்தையாவது கெடுக்காமல் இருப்போம் என்று தோன்றும். இப்படியே நாள் போயிற்று. நிஜமாகவே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஒருநாள் பார்த்தால் வாசலில் பூட்ஸ் இல்லை. ஷிப்ட் மாறிவிட்டது, பகல் வேலைக்குப் போயிருக்கிறார் என்று ஸ்பீக்கரை நடு ஹாலில் வைத்து, மண்டபத்தில் வைக்கிற சத்தத்துக்கு ஏற்றினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடிச்சத்தத்தைக் குறைத்தேன், கீச்சைக் குறைத்தேன், நடுவிலிருந்து கிடார் எழுந்து வந்தது. அப்படியே பாட்டு பாட்டாகத் திருத்திக்கொண்டே போனேன். மறுநாளும் பூட்ஸ் இல்லை, அதற்கு மறுநாளும்.

நாலாம் நாள் துணி எடுக்கக் கொல்லைப்பக்கம் போனேன். பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி அங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கொடியில் கணவருடைய ஷிப்ட் யூனிபார்ம் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"சார் பகல் ஷிப்டா?" என்றேன்.

"இல்லண்ணே, நைட்டுதான். வந்து படுத்துருக்காரு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "வாசல்ல பூட்ஸ் இல்லியே."

"உள்ள எடுத்து வெச்சுக்கறாரு" என்றார் அவர், துணியை உதறிக்கொண்டே. "வெளிய வெச்சா நீங்க வாசிக்க மாட்டீங்களாம்."

உள்ளே வந்து ஸ்பீக்கர் முன் உட்கார்ந்தேன். பழக்கம், கை தானாகவே வால்யூமுக்குப் போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் தூங்காமல் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். கையை எடுத்துவிட்டு, அன்று மேடையில் நான் வாசிக்காமல் நின்ற அந்தப் பாட்டை முதலிலிருந்து வாசித்தேன்.