காருக்குப் பவுடர் போட்ட மேரி

என் கணக்கு வகுப்பில் ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள்: "விடைதான சார் தப்பு? ஏன் மூணாவது வரியில சுழிக்கிறீங்க?"

அதற்கு என்னைவிட நல்ல பதிலை இன்று எதிர்வீட்டு மேரி வைத்திருந்தார்.

நேற்று அவர் வீடியோ பார்த்து, கார் இன்ஜினின் மேல்மூடிக்கு அடியில் ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் பேக்கிங்கைத் தானே மாற்றினார். இன்று காலை காருக்கு அடியில் கையகல ஆயில் கறை. நாளை மாமியாரைக் கண் ஆபரேஷனுக்கு அதில்தான் வேலூர் அழைத்துப்போக வேண்டும்.

கணவர் சேகர் தறியிலிருந்து எழுந்து வந்தார். "கயட்டாதன்னு சொன்னேனே! அடியில ஓட்ட வுழுந்துடுச்சி பாரு."

"சொட்டுற எடம் வேற, ஒழுகுற எடம் வேற. சும்மா இருய்யா" என்றார் மேரி.

இன்ஜினைச் சுத்தமாகத் துடைத்து, மாமியாரின் முகப்பவுடரைத் தூவி, பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினார். நான் டார்ச் பிடித்தேன். அந்த வெள்ளைப் பூச்சில், மேல்மூடியின் பின்மூலையிலிருந்து மட்டும் ஒரு கறுப்புக் கோடு இறங்கியிருந்தது. தப்பு விடை கீழே, தப்பு நடந்த வரி மேலே!

இன்ஜின் ஆறியதும் மூடியைக் கழற்றினால், பேக்கிங்குக்கு அடியில் முடிச்சோடு ஒரு பட்டு இழை! நேற்று அவர் துடைக்க எடுத்தது தறியில் மிஞ்சிய நூல்.

"பாத்தியா, உன் நூலு என் இன்ஜின்ல!"

"முழுப் பொடவையும் மாட்டலியே, வுடு" என்றார் சேகர்.

இழையை எடுத்து மூடியதும் ஒழுகல் நின்றது. மாமியார் பவுடர் டப்பாவை ஆட்டிப் பார்த்தார். "நாளைக்கு நான் எத்தப் பூசிக்கினு போறது?"

உங்கள் வண்டிக்கு அடியில் ஆயில் சொட்டினால், துடைத்துப் பவுடர் தூவி மேலிருந்து தேடிப் பாருங்கள். துடைக்க மட்டும் காஞ்சிபுரம் பட்டு வேண்டாம்.